வழிமொழிய ஐந்து பேர்

டெபியன் அமைப்பின் சட்டத்தில் நான் அடிக்கடி போய் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. உறுப்பினர்கள் எத்தனை பேரோ, அந்த எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதில் பாதிக்குக் 'க்யூ' என்று பெயர். க்யூ, ஐந்து இரண்டில் எது சிறியதோ அது 'கே'. உறுப்பினர் ஒருவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து, அவரைத் தவிர வேறு கே பேர் வழிமொழிந்தால், அது எல்லோருடைய வாக்குக்கும் போகும் பாதையில் ஏறிவிடும். விதி இவ்வளவுதான். கடைசியில் மட்டும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: க்யூவும் கேயும் முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை, அவற்றை முழு எண்ணாக்கவும் மாட்டோம்.

செய்யுளுக்கு நயம் சொல்ல ஆள் உண்டு. பைலாவுக்குச் சொல்ல யாரும் இல்லை. நான்கைந்து வரிக்குள் இத்தனை யோசனையை அடக்கிய விதியைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவிநாசியில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, நம் பக்கத்துச் சங்கதிகள் இரண்டு மூன்று தாமாகவே வந்து இதன் பக்கத்தில் நின்றுகொள்கின்றன. அவற்றையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் டெபியன் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1993 ஆகஸ்ட் 16 அன்று இயான் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத் திட்டம் அது. கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, உறுப்பினர் என்பதற்காகச் சம்பளமும் கிடையாது. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் தங்கள் சொந்த நேரத்தில் கட்டிக் காத்துவருகிறார்கள். 2023 செப்டம்பரில் அவர்களுடைய ஆண்டு மாநாடு பக்கத்திலே கொச்சியில் நடந்தது. தமிழக அரசின் இலவச மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளுக்கு அதில் இருந்த 'பாஸ்' லினக்ஸ் நினைவிருக்கும். சென்னையில் சி-டாக் உருவாக்கிய அந்த இயங்குதளத்துக்கு அடித்தளமே டெபியன்தான். அப்படிப் பார்த்தால், இந்த ஆயிரம் பேர் எடுக்கும் முடிவின் ஒரு நுனி நம் ஊர்ப் பள்ளிக்கூட மேஜை வரைக்கும் வந்து தொட்டிருக்கிறது.

1998-ல் இயான் ஜாக்சன் அதன் தலைவராக இருந்தபோது அமைப்புச் சட்டத்தை எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று அது ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு பல முறை திருத்தியிருக்கிறார்கள். வாக்கு எண்ணும் முறையை மாற்றினார்கள், விவாதக் காலத்தை மாற்றினார்கள், 2022-ல் ரகசிய வாக்கெடுப்பையும் கொண்டுவந்தார்கள். அந்த ஐந்து மட்டும் ஐந்தாகவே இருக்கிறது.

ஒரு தீர்மானத்தை வாக்குக்கு விட ஆள் கணக்கு எதற்கு? கேட்டவர் கேட்டதை எல்லாம் வாக்குக்கு விட்டால்தான் என்ன? இதற்கு நாட்டுக்கே பதில் சொன்ன ஊர் நம் கொங்கில் இருக்கிறது. ஈரோட்டுக்குத் தெற்கே, மொடக்குறிச்சி.

1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். தங்கள் கோரிக்கையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் எடுத்த முடிவு அது. ஊர்வலமும் மறியலும் பண்ணிச் சலித்தவர்கள், வேட்புமனு என்ற கதவு திறந்துதான் கிடக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய். முன்மொழிய ஒருவர் இருந்தால் போதும். ஆளுக்கு ஆள் மனுப் போட்டார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக இல்லாமல் புத்தகமாகப் போயிற்று. வாக்குப்பதிவைத் தள்ளிவைத்துத்தான் நடத்த முடிந்தது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். ஒரு ஓட்டுகூட வாங்காத வேட்பாளர்கள் பலர். அவர்கள் கேட்டது ஓட்டு இல்லை, காது.

அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்து நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்து பெல்காமில் 456 பேர். நாடாளுமன்றம் விழித்துக்கொண்டது. 1996 ஆகஸ்டில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250-லிருந்து 5,000 ஆயிற்று. மக்களவைக்கு 500-லிருந்து 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரமில்லாத கட்சிக்காரருக்கும் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். விளைவு உடனே தெரிந்தது. 1996 மக்களவைத் தேர்தலில் நின்றவர்கள் 13,952 பேர். 1998-ல் 4,750 பேர்.

இந்தத் திருத்தத்தில் இரண்டு விதமான கட்டு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று பணக் கட்டு, மற்றது ஆள் கட்டு. பணக் கட்டு, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. ஆள் கட்டு, உன்னோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறது. காசு இருப்பவன் முதலாவதைத் தனியாகவே தாண்டிவிடுவான். இரண்டாவதை எவ்வளவு பெரிய பணக்காரனும் தனியாகத் தாண்ட முடியாது. நம் பக்கம் ஒரு நியாயம் கேட்டுப் பெரிய வீட்டுக்குப் போனால், "கூட யாருங்க வந்திருக்கறது?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அதில் ஏளனமும் இல்லை, தடையும் இல்லை. உன் குறை உன் தலைக்குள் மட்டும் இருக்கிறதா, இன்னும் நான்கு பேர் தலைக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வி அது. டெபியன் பணம் கேட்பதே இல்லை. அது கேட்பது இந்த ஒரு கேள்வியை மட்டும்தான்.

ஆள் கணக்கு வைத்தாயிற்று என்றால், எத்தனை பேர்? நயம் இங்கேதான் தொடங்குகிறது.

ஐந்து என்று சட்டம் சொன்னாலும் உண்மையில் ஆறு பேர் வேண்டும். முன்மொழிந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 'வேறு' கே பேர் என்று விதி திட்டமாகச் சொல்கிறது. சின்னச் சொல்தான். அது இல்லாவிட்டால் முன்மொழிந்தவரே தன்னை வழிமொழிந்துகொள்வார், ஐந்து நான்காகும். நம் ஊர்ச் சங்கங்களில் வருகிற பாதிச் சண்டை, தலைவரையும் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்பதில்தான் வருகிறது. ஒரு சொல்லைப் போட்டு அந்தச் சண்டையை வரவிடாமலே செய்திருக்கிறார்கள்.

இந்த அமைப்பின் தலைவராக நிற்க எத்தனை பேர் வழிமொழிய வேண்டும் தெரியுமா? ஒருவரும் வேண்டாம். எந்த உறுப்பினரும் தன் பெயரைத் தானே கொடுத்துக்கொள்ளலாம். நம் தேர்தல் சட்டம் ஆளுக்கு முன்மொழிவோரைக் கேட்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் அது இன்னும் கடுமை. 1967-ல் பதினேழு பேர் நின்று, அதில் ஒன்பது பேர் ஒரு வாக்கும் வாங்கவில்லை. 1974-ல் முன்மொழியப் பத்துப் பேர், வழிமொழியப் பத்துப் பேர் என்று சட்டம் செய்தார்கள். 1997-ல் அது ஐம்பதும் ஐம்பதுமாக ஏறியது. டெபியன் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. பதவிக்கு வருகிறவரிடம் கூட்டத்தைக் கேட்காமல், எல்லோரையும் கட்டுப்படுத்தப்போகும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவருகிறவரிடம் கேட்கிறது. தன் நேரத்தைக் கொடுக்க முன்வருகிறவருக்குத் தடை எதற்கு? ஆயிரம் பேருடைய நேரத்தை எடுக்க வருகிறவரிடம் அல்லவா கேட்க வேண்டும்? சம்பளம் இல்லாத இடத்தில் நேரம்தான் செலாவணி என்பது தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

வழிமொழிவது என்றால் ஆதரிப்பது என்று நாம் நினைப்போம். அங்கே அப்படியில்லை. இது வாக்குச்சீட்டில் இருக்கத் தகுந்தது என்று சொல்வதோடு வழிமொழிபவரின் வேலை முடிந்துவிடுகிறது. தீர்மானத்துக்கு மட்டுமல்லாமல், அதற்கு மாற்றாக யாராவது வேறொரு வாசகத்தை வாக்குச்சீட்டில் சேர்க்க விரும்பினால் அதற்கும் இதே ஐந்து பேர் வேண்டும். ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட வாசகங்களை வழிமொழியலாம். தனக்குப் பிடிக்காததைக்கூட, மற்றவர்கள் தேர்வு செய்ய அது இருக்கட்டும் என்று வழிமொழிகிறவர்கள் உண்டு. நம் குடியரசுத் தலைவர் தேர்தலிலோ ஒருவர் ஒரே ஒரு மனுவில்தான் கையெழுத்துப் போடலாம்; அங்கே கையெழுத்து, பக்கம் சேர்வதற்கான அடையாளம். இங்கே அது ஒரு மரியாதை. எதிராளியின் வாதமும் சபை ஏற வேண்டும் என்று நினைக்கிறவன் செய்கிற மரியாதை.

அந்த மரியாதை வீண் போகவில்லை என்பதற்கு இரண்டு வாக்கெடுப்புகளைச் சொல்லலாம். 2014-ல் கணினி இயங்கத் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல் எது, மற்ற மென்பொருள்கள் அதைச் சார்ந்திருக்கலாமா என்பது பற்றிப் பெரிய சண்டை. சூடு பறந்தது. வாக்குச்சீட்டில் பல வாசகங்கள். அவற்றில் ஒன்று, இதற்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்றது. அதுதான் வென்றது. 2021-ல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடர்பாக அமைப்பு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு ஏழு வாசகங்கள் வந்தன. கடுமையான கண்டனத்திலிருந்து ஆதரவு வரை எல்லாம் இருந்தன. வென்றது, இது பற்றி அமைப்பு எந்த அறிக்கையும் வெளியிடாது என்ற வாசகம்.

இரண்டிலும் வென்ற வாசகத்துக்கு எந்த அணியும் இல்லை. கொடி பிடிக்க ஆள் இல்லை. சத்தமில்லாத பெரும்பான்மையின் மனதில் அது இருந்தது. அதை வெளியே எடுத்து வைக்க ஒருவரும், வழிமொழிய ஐந்து பேரும் கிடைத்தார்கள். முப்பது பேர் வேண்டும் என்று விதி இருந்திருந்தால், தொண்டை கிழியக் கத்தும் இரண்டு அணிகளுக்கு முப்பது பேர் சுலபமாகக் கிடைத்திருப்பார்கள். நடுவில் நிற்கும் வாசகத்துக்குக் கிடைத்திருப்பார்களா? தீவிரத்துக்கு ஆள் சேர்ப்பது எளிது, நிதானத்துக்குச் சேர்ப்பதுதான் கடினம். கட்டு சிறியதாக இருப்பதன் முதல் பயன் நிதானத்துக்கே போகிறது. இதை நான் இந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பார்க்கும் வரை யோசித்ததில்லை.

இனி ஐந்தின் இருமடங்கு. அமைப்பின் தலைவரோ, அவர் பொறுப்புக் கொடுத்தவரோ ஒரு முடிவெடுக்கிறார். அது தவறு என்று சிலர் நினைக்கிறார்கள். அதை மாற்றத் தீர்மானம் கொண்டுவருவதற்குக் கே பேர் போதும். ஆனால் வாக்கெடுப்பு முடிகிறவரை அந்த முடிவை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்றால் இரண்டு கே, அதாவது பத்துப் பேர் வேண்டும். பேசுவதற்கு ஐந்து, நிறுத்துவதற்குப் பத்து. அந்தப் பத்துப் பேரும் நினைத்தபடி நிறுத்தியே வைத்திருக்க முடியாது. நிறுத்தம் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா என்று உடனே ஒரு சிறு வாக்கெடுப்பு நடக்கும். அதற்குக் கோரமும், அதாவது குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கும் கிடையாது, வந்தவர்கள் சொன்னதுதான்.

சித்திரையில் அவிநாசித் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். சக்கரத்தடியில் சன்னக்கட்டை போடுகிறவர்கள் சில பேர்தான். தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்றைத் திருப்பத்தில் திருப்புவதும், ஓட்டம் மிஞ்சினால் நிறுத்துவதும் அந்தச் சிலர் கையில். ஆனால் கட்டையைப் போட்டவர்கள் அதை எடுத்தும் ஆக வேண்டும். தேர் நிலைக்கு வர வேண்டியது. வடம் பிடிக்கத் தகுதி பார்ப்பதில்லை, கட்டை போடக் கைப்பழக்கம் பார்ப்பார்கள். பேச ஐந்தும் நிறுத்தப் பத்தும் என்று பிரித்த கை, இந்த வித்தியாசம் தெரிந்த கை.

அடுத்து, முடிவுக்கான கணக்கு. ஒரு வாசகம் வெல்ல வேண்டுமானால் மூன்று க்யூ என்ற கோரத்தைத் தாண்ட வேண்டும். ஆயிரம் உறுப்பினர் என்றால் வர்க்கமூலம் 31.6, பாதி 15.8, மும்மடங்கு 47.4. ஆக 48 பேர். ஆயிரத்தில் நாற்பத்தெட்டா, இது என்ன கோரம் என்று தோன்றும். தோன்றட்டும், அதற்குமுன் நம் கிராம சபையை ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

சேவூரிலோ கருவலூரிலோ தெக்கலூரிலோ கிராம சபை கூடினால் எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு அரசின் விதி இருக்கிறது. ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். சின்ன ஊரில் பத்தில் ஒருவர் வர வேண்டும். பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் நூற்றுக்கு இருவர் வந்தால் போதும். ஊர் பெருகும் வேகத்தில் கோரம் பெருகவில்லை.

விளையாட்டாக ஒருநாள் இதற்கு வர்க்கமூலம் போட்டுப் பார்த்தேன். பத்தாயிரத்தின் வர்க்கமூலம் 100, இருமடங்கு 200. விதியும் 200. மூவாயிரத்துக்கு இருமடங்கு 109.5, விதி 100. ஐந்நூறுக்கு 44.7, விதி 50. கோட்டையில் இந்த விதியை எழுதியவர்கள் வர்க்கமூலம் போட்டிருக்க மாட்டார்கள். ஊர்க் கூட்டம் எப்படிக் கூடும், எவ்வளவு பேர் வருவார்கள் என்ற அனுபவத்திலிருந்துதான் எழுதியிருப்பார்கள். இருந்தும், ஆயிரம் நிரலாளர்களுக்கு எழுதிய கணக்கும் ஆயிரம் குடும்பங்களுக்கு எழுதிய கணக்கும் ஏறத்தாழ ஒரே வளைவில் போய் நிற்கின்றன. டெபியன் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்குகிறது, நாம் சுமார் இரண்டால் பெருக்குகிறோம். கூடி முடிவெடுக்கும் மனிதர்கள் எங்கே இருந்தாலும், கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொருவருக்கும் 'நான் போகாவிட்டால் என்ன' என்ற எண்ணம் வளரும் என்பதை இரண்டு விதிகளும் ஒப்புக்கொள்கின்றன. அதற்காகக் கோபப்படாமல் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன.

ஆனால் நம் விதியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 500 பேர் உள்ள ஊருக்கு 50 போதும். அங்கே ஒரு குழந்தை பிறந்து 501 ஆகிவிட்டால் 100 வேண்டும். ஒரு தலை கூடியதற்குக் கோரம் இருமடங்கு. இந்தப் பள்ளத்தில் விழாமல் இருக்கத்தான் டெபியன் அந்தப் பொடியை வைத்தது. முழு எண்ணாக்க மாட்டோம் என்பதால் படியே கிடையாது. உறுப்பினர் ஒருவர் கூடினால் கோரம் தசம அளவில் மெல்ல ஏறும். அவர்களுடைய வாக்கெடுப்பு முடிவுகளில் கோரத்தைத் தசமப் புள்ளியோடுதான் போடுவார்கள். 47.4 பேர் என்று மனிதர்களை எண்ணுவது முதல் பார்வைக்குச் சிரிப்பாக இருக்கும். கீழே இறக்கி 47 என்பதா, மேலே ஏற்றி 48 என்பதா என்ற வழக்குக்கே இடமில்லை என்பது அடுத்த பார்வையில் தெரியும். 47 பேர் 47.4 ஆக மாட்டார்கள், 48 பேர் ஆவார்கள். முடிந்தது வழக்கு.

கோரத்தில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. நம் கூட்டங்களில் கோரம் என்பது தலை எண்ணிக்கை. ஒரு தீர்மானம் பிடிக்காதவர்கள் செய்யக்கூடிய கெட்டிக்காரத்தனமான வேலை, கூட்டத்துக்கு வராமல் இருப்பது. வந்து எதிர்த்தால் கோரம் நிறைந்து தீர்மானம் நிறைவேறிவிடும். வீட்டிலேயே இருந்தால் கூட்டம் கலைந்துவிடும். எத்தனை சங்கங்களில் இந்த நாடகம் பார்த்திருக்கிறோம்! டெபியனில் கோரம் தலைகளை எண்ணுவதில்லை. வாக்குச்சீட்டில் 'இவற்றில் எதுவுமில்லை' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். ஒரு வாசகத்தை அந்த வரிக்கு மேலே வைத்து வரிசைப்படுத்தியவர்கள் எத்தனை பேரோ, அவர்களைத்தான் எண்ணுவார்கள். எதிர்ப்பவர் வாக்களித்தாலும் அந்த வாசகத்தின் கோரத்துக்கு அது உதவாது. ஆகவே வராமல் இருந்து கெடுக்கும் தந்திரத்துக்கு அங்கே பலன் இல்லை. தந்திரத்தைத் திட்டிப் பயனில்லை, அதற்குப் பலன் இல்லாமல் செய்துவிடு என்பது சட்டம் எழுதுவதில் உயர்ந்த பாடம். நம் வாக்கு இயந்திரத்தில் 2013 முதல் இருக்கும் நோட்டாவுக்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர் ஜெயித்துவிடுவார். டெபியனின் அந்த வரிக்கு ஜெயிக்கவும் தெரியும்.

இப்போது சிக்கலான கேள்வி. முடிவுக்கான கோரம் உறுப்பினர்களோடு சேர்ந்து வளர்கிறது. வழிமொழிவோர் எண்ணிக்கை ஏன் ஐந்திலேயே நின்றுவிட்டது? க்யூ ஐந்தாவது, உறுப்பினர் எண்ணிக்கை சரியாக நூறாகும்போது. நூறு பேர் வரை கே வளரும். அறுபத்து நான்கு பேர் என்றால் நான்கு. நூறைத் தாண்டிவிட்டால் ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் ஐந்துதான்.

இது போதாது என்ற வாதம் அமைப்புக்குள்ளேயே எழுந்தது. 2009-ஐ ஒட்டிய காலத்தில், ஐந்தை விட்டுவிட்டு க்யூவைக் கணக்காக வைத்து எண்ணிக்கையை உயர்த்தலாம் என்று யோசனை வந்தது. ஆயிரம் பேருக்குக் க்யூ என்றால் பதினாறு பேர். இரண்டு க்யூ என்றால் முப்பதைத் தாண்டும். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஐந்து பேர் சேர்ந்தால் ஆயிரம் பேரை நீண்ட வாசகங்களைப் படிக்கவைக்கலாம், வாரக்கணக்கில் வாதாட வைக்கலாம், கடைசியில் வாக்களிக்கவும் வைக்கலாம். வேலை எல்லாம் அப்படியே நிற்கும். உறுப்பினர் பத்து மடங்கு பெருகிய பிறகு அதே ஐந்து என்றால், கட்டு பத்து மடங்கு தளர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதே கேள்விக்கு ஒருமுறை உயர்த்திப் பதில் சொன்னார்கள். அரசியலமைப்பைத் திருத்த மக்களே முன்மொழிய 50,000 கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. 1971-ல் பெண்களுக்கு வாக்குரிமை வந்து வாக்காளர் தொகை இருமடங்காகப் பெருகியதும், 1977-ல் அதை 1,00,000 ஆக்கினார்கள். அதற்குப் பிறகு மக்கள்தொகை கூடிக்கொண்டே போனாலும் எண் அங்கேயே நிற்கிறது. நம் கம்பெனிச் சட்டம் 2013 வேறு வழி எடுத்தது: வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். டெபியன் அந்த வழியில் போயிருந்தால் நூறு பேர் சேர்ந்தால்தான் ஒரு தீர்மானம் பிறக்கும். நூறு பேரைச் சேர்க்கக்கூடியவருக்குத் தீர்மானமே தேவைப்படாது.

இன்னொரு உதாரணம் நம் காலடியிலேயே இருக்கிறது. அவிநாசி சட்டமன்றத் தொகுதியில் சுயேச்சையாக நிற்கப் பத்து முன்மொழிவோர் வேண்டும். அவிநாசியோடு மேட்டுப்பாளையம், பவானிசாகர், உதகமண்டலம், கூடலூர், குன்னூர் எல்லாம் சேர்ந்த நீலகிரி மக்களவைத் தொகுதியில் நிற்கவும் அதே பத்துப் பேர்தான். ஆறு தொகுதியின் நிலம், ஆறு தொகுதியின் ஜனம்; கட்டு ஒன்றே. இது கவனக்குறைவு இல்லை என்றே நினைக்கிறேன். தொகுதி பெரிதானதால் ஒரு தனி மனிதனின் பழக்கவழக்கம் பெரிதாகிவிடாது. அவனுக்குத் தெரிந்தவர்கள் அதே தெருக்காரர்கள், அதே சந்தைக்காரர்கள். ஆயிரம் பேர் சங்கத்தில் இருக்கும் உறுப்பினருக்கும் நெருக்கமாகப் பேசிப் பழகியவர்கள் பத்திருபது பேர்தான் இருப்பார்கள்.

இதனால்தான் எனக்கு அந்த ஐந்து நின்ற இடம் சரியாகப் படுகிறது. முடிவு எல்லோரையும் கட்டும். ஆகவே முடிவுக்கான எண் எல்லோருடைய தொகையையும் பார்த்து வளர வேண்டும். தொடக்கம் ஒரு மனிதனிடமிருந்து வருவது. ஆகவே தொடக்கத்துக்கான எண் ஒரு மனிதனின் கைக்கெட்டும் தூரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரே பத்தியில் ஓர் எண்ணை ஓடவிட்டு, இன்னொன்றை நிறுத்திவைத்த கணக்கு இது. எண்ணிக்கையை உயர்த்தினால் வீண் தீர்மானங்கள் குறையும், உண்மைதான். கூடவே அணி இல்லாதவனும் குறைவான். மிஞ்சுகிறவர்கள் ஏற்கெனவே கூட்டம் வைத்திருப்பவர்கள்.

ஐந்து பேர் என்பதை லேசாக நினைத்துவிடவும் முடியாது. அங்கே வழிமொழிகிறவர் தன் மின்னொப்பத்தோடுதான் வழிமொழிய வேண்டும்; பெயர் தீர்மானத்தோடு சேர்ந்து நிரந்தரமாகப் பதிவாகும். பத்து வருடம் கழித்து யார் எதை வழிமொழிந்தார்கள் என்று யாரும் பார்க்கலாம். முன்மொழிந்தவர் வாசகத்தை மாற்றினால், வழிமொழிந்தவர் மறுக்கலாம். வழிமொழிந்தவர் பின்வாங்கினால், இன்னொருவர் வந்து அந்த இடத்தை நிரப்ப ஒரு நாள் அவகாசம் உண்டு. நிரம்பாவிட்டால் வாசகம் விழுந்துவிடும். ஆக எண் சிறியதே தவிர, அதன்மேல் ஏற்றிய பொறுப்பு சிறியது இல்லை. நூறு பேரின் அலட்சியமான கையெழுத்தைவிடப் பெயர் தெரிய நிற்கும் ஐந்து பேர் கனமானவர்கள் என்று நம்பிய சட்டம் இது.

மொடக்குறிச்சிக்குத் திரும்பிப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரிகிறது. 1996 திருத்தம் வாக்குச்சீட்டைப் புத்தகத்திலிருந்து சீட்டாக்கியது. அது நடக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஆயிரம் பேரும் வேட்பாளராக வந்ததற்குக் காரணம், விவசாயியின் குறையை நேராக எடுத்து வைக்க வேறு சபை கிடைக்காதது. கட்டை உயர்த்தி அந்த வழியை அடைத்தார்கள். குறையைப் பேச வேறு வழியைத் திறந்தார்களா என்பது தனிக் கேள்வி. ஆறு பேர் சேர்ந்தால் எதையும் பொதுவில் பேசவைக்கலாம் என்ற இடத்தில், ஆயிரம் பேர் சேர்ந்து மனுப் போட வேண்டிய அவசியம் வராது. சின்னக் கட்டு வைத்திருப்பது கருணையால் மட்டும் இல்லை; பெரிய வெடிப்பு வராமல் இருப்பதற்கும்தான்.

நம் கொங்கில் சங்கத்துக்குப் பஞ்சமில்லை. பனியன் தொழில் சங்கம், விசைத்தறிச் சங்கம், ஏரி குளம் பார்க்கும் அமைப்பு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று வாரம் ஒன்று பதிவாகிறது. எல்லாவற்றுக்கும் பைலா உண்டு. பெரும்பாலும் அது பக்கத்துச் சங்கத்தின் பைலாவைப் பார்த்து எழுதியது. சிறப்புக் கூட்டம் கேட்க எத்தனை உறுப்பினர் வேண்டும் என்ற இடத்தில் அங்கே இருந்த எண்ணே இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறையாவது அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி மூன்று கேள்வி கேட்கலாம். பேச்சைத் தொடங்க எத்தனை பேர்? ஒரு முடிவை நிறுத்திவைக்க எத்தனை பேர்? முடிவு செல்லுபடியாக எத்தனை பேர்? மூன்றுக்கும் ஒரே எண் வந்தால், மூன்றும் வேறு வேறு வேலை என்பது எழுதியவருக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். 1998-ல் அதைப் பிடித்துவிட்டார் ஒருவர். ஐந்து, ஐந்தின் இருமடங்கு, வர்க்கமூலத்தில் ஒன்றரைப் பங்கு என்று மூன்று எண்களில் எழுதியும் வைத்துவிட்டார்.